தனியே மிதிவண்டி ஓட்டும் பெண்களின் பாதுகாப்பு

தனியே மிதிவண்டி ஓட்டும் பெண்களின் பாதுகாப்பு என்பது, பள்ளிக்கோ, வேலைக்கோ, உடற்பயிற்சிக்கோ துணையின்றி மிதிவண்டியில் செல்லும் சிறுமியரும் பெண்களும் பொதுவழிகளில் சந்திக்கும் இடர்களையும், அவற்றைத் தவிர்க்கவும் எதிர்கொள்ளவும் உதவும் பழக்கங்கள், சட்டங்கள், பொது ஏற்பாடுகள் ஆகியவற்றையும் குறிக்கும். இதில் ஓட்டுபவர் செய்ய வேண்டியவை ஒரு பகுதி. வீட்டார், பள்ளி, ஊராட்சி, காவல்துறை ஆகியோர் செய்ய வேண்டியவை மற்றொரு பகுதி. பெரும்பாலான அறிவுரைகள் முதல் பகுதியோடு நின்றுவிடுகின்றன. வழியில் நடந்ததை வீட்டில் சொன்னால் மிதிவண்டியை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு மாணவி அஞ்சும்வரை, எந்த அறிவுரையும் முழுப் பயன் தராது.

மிதிவண்டி செல்லும் வழிகள்

மேலைநாடுகளில் மிதிவண்டிக்கென்றே தனிப்பாதைகள் பல உள்ளன. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் அத்தகைய பாதைகள் அரிது. ஊராட்சிச் சாலை, ஏரிக்கரை, வாய்க்கால் கரை, வயல்களுக்கு நடுவே செல்லும் வண்டிப்பாதை, நெடுஞ்சாலையின் ஓரம் ஆகியவையே மிதிவண்டியின் வழிகள்.

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம், திட்டக்குடி வழியாகத் தொழுதூர் செல்லும் சாலை, சென்னை-திருச்சி தேசிய நெடுஞ்சாலையை அடைகிறது. இச்சாலையில் பேருந்து, லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர் எல்லாம் ஓடுகின்றன. சாலையிலிருந்து பிரியும் கிளைவழிகள் கரும்பு, மக்காச்சோளம், பருத்தி விளையும் நிலங்களுக்கு நடுவே சிற்றூர்களை நோக்கிச் செல்கின்றன. வாகன நெரிசல் ஒரு வகை ஆபத்து. ஆளரவமற்ற கிளைவழி வேறொரு வகை ஆபத்து. ஒரே மாணவி ஒரே காலையில் இரண்டையும் கடக்க வேண்டியிருக்கிறது.

பயிர் வளர்ச்சியும் வழியின் இயல்பை மாற்றுகிறது. நடவுக் காலத்தில் நெடுந்தொலைவு பார்வைக்குத் தெரியும் பாதை, கரும்பும் சோளமும் ஆளுயரம் வளர்ந்தபின் இருபுறமும் மறைந்த சந்தாகிவிடும். ஆனி மாதத்தில் பாதுகாப்பாக இருந்த வழி மார்கழியிலும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது.

புதுக்கோட்டை தரும் பாடம்

தமிழ்நாட்டில் பெண்களும் மிதிவண்டியும் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டர்கள் ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருந்ததால், மிதிவண்டி ஓட்டப் பழகுவதும் இயக்கத்தின் ஒரு பகுதியாக்கப்பட்டது. மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பெண்களுக்கான வண்டி போதிய அளவில் கிடைக்காதபோது, ஆண்கள் ஓட்டும் வண்டியையே பலரும் ஓட்டினர். குழந்தையை முன்கம்பியில் உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

தொடக்கத்தில் கேலியும் ஆபாசப் பேச்சும் இல்லாமலில்லை. ஆனால் விவசாயத் தொழிலாளர், கல் குவாரித் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கானோர் ஓட்டத் தொடங்கியபின் கேலி வலுவிழந்தது. 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலித்தபடி புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் வந்தனர். இதழாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் பாடமாக இடம்பெற்றது.

ஒரு பெண் தனியாக ஓட்டினால் அது வேடிக்கை. நூறு பெண்கள் தனித்தனியே ஓட்டினால் அது வழக்கம். வழக்கமான காட்சியை யாரும் நின்று பார்ப்பதில்லை. புதுக்கோட்டைப் பெண்களுக்குப் பாதுகாப்புத் தந்ததில் இந்த எண்ணிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. சாலை விபத்துக்கும் இது பொருந்தும் என்று பீட்டர் ஜேகப்சன் என்ற ஆய்வாளர் 2003இல் காட்டினார். நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் மிகுதியாக உள்ள இடங்களில், ஒவ்வொருவரும் வாகனத்தில் அடிபடும் வாய்ப்பு குறைவாக இருப்பதை அமெரிக்க, ஐரோப்பியத் தரவுகளிலிருந்து அவர் எடுத்துக்காட்டினார்.

இதற்கு எதிரான அணுகுமுறையும் உலகில் உண்டு. சவுதி அரேபியாவில் 2013இல் பெண்கள் மிதிவண்டி ஓட்ட அனுமதி வழங்கப்பட்டபோது, பூங்கா போன்ற பொழுதுபோக்கு இடங்களில் மட்டும், ஆண் உறவினர் உடன்வர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அத்தகைய ஏற்பாட்டில் பள்ளிக்கோ வேலைக்கோ போக மிதிவண்டி பயன்படாது.

பயணமும் கல்வியும்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டு, இன்று அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிப்போருக்கு வழங்கப்படுகிறது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குத் தொடங்கிய இதுபோன்ற திட்டத்தைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர் ஆராய்ந்தனர். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் உயர்ந்ததாக அவர்கள் கண்டனர். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலேயே இந்தப் பயன் மிகுதியாக இருந்தது.

பயணத்தில் ஏற்படும் அச்சம் கல்வியை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் கிரிஜா போர்க்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவியரிடம் ஆராய்ந்தார். வழி பாதுகாப்பானது என்பதற்காகவே, தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுத் தரம் குறைந்த கல்லூரியில் சேரப் பல மாணவியர் இணங்குவதாக அவர் கண்டறிந்தார். சாலையில் ஒருவன் பேசும் ஒரு சொல், ஒரு பெண்ணின் படிப்பையும் பின்னாளைய வருமானத்தையும் குறைக்கக்கூடியது.

இடர்களின் வகைகள்

தனியே ஓட்டும் பெண்கள் சந்திக்கும் இடர்களை நான்காகப் பிரிக்கலாம்.

1. வாகன விபத்து: லாரி, பேருந்து உரசுதல், இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போதல், தவறான பக்கத்தில் ஓட்டுதல் ஆகியவற்றால் நேர்வது.

2. வண்டிப் பழுது: சங்கிலி கழலுதல், பஞ்சர், பிரேக் பிடிக்காமை. ஆளில்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டால் சிறு பழுதும் பெரும் இடராகும்.

3. தொல்லை: கேலி, ஆபாசச் சைகை, பின்தொடர்தல், வழிமறித்தல், தொடுதல், துப்பட்டாவை இழுத்தல்.

4. பறிப்பு: இருசக்கர வாகனத்தில் வந்து தாலிச் சங்கிலி, கைப்பேசி, பை ஆகியவற்றைப் பறித்தல். இதில் பொருளிழப்பைவிடக் கீழே விழுந்து தலையில் அடிபடுவதே பெரிய ஆபத்து.

புறப்படும் முன்

பாதுகாப்பின் முதற்படி வண்டியின் நிலை. காற்று, பிரேக், சங்கிலி, மணி ஆகிய நான்கையும் நாள்தோறும் பார்க்க அரை நிமிடம் போதும். சேலை, துப்பட்டா, பாவாடை ஆகியவை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் வலைக்காப்பும், சங்கிலிக்கு முழு மூடியும் இருக்க வேண்டும். துப்பட்டாவை இரு முனைகளும் தொங்காதபடி குறுக்கே கட்டிக்கொள்வது, சக்கரத்தில் சிக்குவதையும் பிறர் இழுப்பதையும் ஒருசேரத் தடுக்கும். கழன்ற சங்கிலியை மாட்டக் கற்றுக்கொள்வது ஒரு மாலையில் முடியும் பயிற்சி. கையடக்கக் காற்றடிக்கும் பம்பு இருந்தால், மெல்லக் காற்று இறங்கும் டியூபோடு அடுத்த ஊர்வரை போய்விடலாம்.

முன்பக்கம் வெள்ளை விளக்கு, பின்பக்கம் சிவப்பு விளக்கு அல்லது ஒளி பிரதிபலிக்கும் பட்டை, வெளிர்நிற உடை ஆகியவை மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பும் மாணவியருக்கு மிகத் தேவை. தலைக்கவசம் விபத்திலும் பறிப்பிலும் தலையைக் காக்கும்.

எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குச் சேருவோம் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிச் செல்வது நல்லது. சொன்ன நேரம் கடந்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். முதலில் யாரை அழைப்பது, எந்த வழியில் தேடி வருவது என்று தெரிந்திருந்தால் பதற்றத்தில் நேரம் வீணாகாது.

வழியில்

மிதிவண்டி சாலையின் இடப்பக்கமே செல்ல வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஓட்டினால் வரும் வாகனம் தெரியும் என்று சிலர் எண்ணுவதுண்டு. நடப்பவருக்கு அது பொருந்தும், ஓட்டுபவருக்குப் பொருந்தாது. எதிரெதிராக வரும்போது மோதலின் வேகம் கூடும். சாலை விளிம்பின் மண்ணில் இறங்கி ஏறுவதைவிட, விளிம்பிலிருந்து சற்று உள்ளே நேர்கோட்டில் ஓட்டுவது பாதுகாப்பானது. இரு காதிலும் ஒலிப்பான் மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. பின்னால் வரும் வாகனத்தை முதலில் அறிவிப்பது காதுதான்.

இரு வழிகள் இருந்தால், சற்றுச் சுற்றாக இருந்தாலும் வீடுகளும் கடைகளும் உள்ள வழியைத் தேர்வது நல்லது. வழியில் உதவி கிடைக்கும் இடங்களை மனத்தில் குறித்துக்கொள்ளலாம்: தேநீர்க் கடை, பெட்ரோல் பங்க், நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே இருப்பவர்களுக்கு நாள்தோறும் ஒரு வணக்கம் சொல்லிப் போவதும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடே. முகம் தெரிந்த பிள்ளை ஒரு நாள் பதறி வந்து நின்றால் அவர்கள் உடனே எழுந்து வருவார்கள்.

யாராவது பின்தொடர்ந்தால்

மோட்டார் வண்டியோடு மிதிவண்டி வேகத்தில் போட்டியிட முடியாது. மிதிவண்டியின் வலிமை வேறு: குறுகிய இடத்தில் சட்டென்று நின்று திரும்ப முடியும். ஆகவே ஆளில்லாத முன்பாதையில் விரைவதைவிட, கடைசியாக மனிதர்களைப் பார்த்த இடத்தை நோக்கித் திரும்புவது பெரும்பாலும் நல்லது. வீட்டில் ஆளில்லை என்றால் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. வீடு எது என்று பின்தொடர்பவருக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

கடைத்தெருவை அடைந்ததும் பொதுவாகக் கூவுவதைவிட ஒருவரைக் குறித்து அழைத்துச் சொல்வது விரைவில் பலன் தரும். “அக்கா, அந்த பைக்கு ரொம்ப நேரமா என் பின்னாலயே வருது. எங்க வீட்ல இருந்து ஆள் வர்ற வரைக்கும் இங்க நிக்கிறேன்” என்று சொன்னால், கேட்டவர் தமக்கு ஒரு பொறுப்பு வந்ததாக உணர்வார். வண்டி எண் முழுவதும் நினைவில் நிற்காவிட்டாலும் கடைசி நான்கு இலக்கங்கள், வண்டியின் நிறம், ஓட்டியவரின் சட்டை ஆகியவற்றை உடனே எழுதியோ கைப்பேசியில் பேசிப் பதிவு செய்தோ வைக்க வேண்டும்.

வழிமறித்தால் மிதிவண்டியைத் தனக்கும் அவருக்கும் இடையில் நிறுத்தி, உரக்கக் குரல் எழுப்பலாம். தப்ப வழி கிடைத்தால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடத் தயங்கக் கூடாது. பையையோ கைப்பேசியையோ பறிக்க முயன்றால் விட்டுவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு. உடலுக்கு ஆபத்து வரும்போது தேவையான அளவு தாக்கித் தற்காத்துக்கொள்ளும் உரிமையை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அளிக்கின்றன.

கைப்பேசியும் இருப்பிடப் பகிர்வும்

அவசர உதவிக்கு 112, மகளிர் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களை அழைக்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலி 2022இல் தொடங்கப்பட்டது. அதன் அவசரப் பொத்தானை அழுத்தினால் இருப்பிடத் தகவல் காவல்துறைக்குச் செல்லும். இதை ஆபத்து வந்தபின் தேடுவதில் பயனில்லை. முன்கூட்டியே நிறுவி, பதிவு செய்து வைக்க வேண்டும். வழியில் எங்கெங்கு சிக்னல் கிடைக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் நம்பிக்கைக்குரிய ஒருவருடன் இருப்பிடத்தை நேரலையாகப் பகிர்வது பயன் தரும். எல்லோரும் பார்க்கும்படி பகிர்வது எதிர்விளைவு தரும். உடற்பயிற்சிக்காக ஓட்டுவோர் பயன்படுத்தும் ஸ்ட்ராவா போன்ற செயலிகள் தினமும் எந்த நேரம், எந்த வழி என்பதைப் பதிவு செய்கின்றன. 2018இல் ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த உலக வரைபடத்திலிருந்து இராணுவ முகாம்களின் அமைவிடங்களே வெளிப்பட்டதைப் பலர் சுட்டிக்காட்டினர். வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதி இச்செயலியில் உண்டு. அதைப் பயன்படுத்துவதும், பதிவுகளைத் தெரிந்தவருக்கு மட்டும் காட்டுவதும் நல்லது.

சட்டப் பாதுகாப்பு

1998இல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அத்துமீறலால் கீழே விழுந்து படுகாயமடைந்து இறந்தார். அதைத் தொடர்ந்து அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பெண்களைக் கேலி செய்வதற்கு எதிரான தனிச்சட்டம் வந்தது. கல்வி நிறுவனம், கோவில், பேருந்து நிலையம், திரையரங்கு போன்ற இடங்களின் பொறுப்பாளர்களுக்கும் தொல்லையைத் தடுக்கும் கடமையை அது விதித்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் கீழ்க்காணும் பிரிவுகள் பொருந்தும்.

பிரிவு 74: மானபங்கம் செய்யும் நோக்கில் தாக்குதல் அல்லது வன்முறை.
பிரிவு 75: விரும்பத்தகாத தொடுதல், பாலியல் சாயல் கொண்ட பேச்சு.
பிரிவு 78: விருப்பமில்லை எனத் தெளிவாகக் காட்டியபின்னும் திரும்பத் திரும்பப் பின்தொடர்தல், இணையத்தில் கண்காணித்தலும் இதில் அடங்கும்.
பிரிவு 79: பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல், ஒலி, சைகை.
பிரிவு 304: பறிப்பு.

2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவராயின் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். பதினோராம் வகுப்பு மாணவியர் பெரும்பாலும் இந்த வயதினரே.

புகார் அளித்தல்

எந்த ஊரில் சம்பவம் நடந்தது என்பதைப் பாராமல், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு கூறுகிறது. மாவட்ட எல்லையான வெள்ளாற்றுக்கு அக்கரையில் நடந்ததற்கும் திட்டக்குடியிலேயே புகார் தரலாம். மேற்கண்ட 74 முதல் 79 வரையிலான குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண் அளிக்கும் தகவலைப் பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். போக்சோ வழக்கில் சிறுமியின் வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பெற வேண்டும். சிறுமியின் பெயர், பள்ளி, முகவரி வெளிவரக் கூடாது. பெண்கள் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

வீட்டாரின் பொறுப்பு

தொல்லையைப் பற்றி மாணவி வீட்டில் சொன்னதும் பலரும் செய்வது மிதிவண்டியை நிறுத்துவது, அடுத்து படிப்பை நிறுத்துவது, சில வீடுகளில் திருமணப் பேச்சைத் தொடங்குவது. குற்றம் செய்தவன் சாலையில் இருக்கிறான். தண்டனை வீட்டில் இருப்பவளுக்கு. இதைப் பார்க்கும் தங்கைகளும் தோழிகளும் தமக்கு நேர்வதைச் சொல்லாமல் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். சிறு தொல்லை சொல்லப்படாமல் இருந்தால், அது பெரிதாகும்வரை யாருக்கும் தெரியாமல் போகிறது.

ஆகவே முதல் மிதிவண்டியைக் கொடுக்கும் நாளிலேயே வீட்டார் ஒரு வாக்குக் கொடுக்கலாம்: “வழியில என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லும்மா. சைக்கிளை நிறுத்த மாட்டோம், பள்ளிக்கூடத்தையும் நிறுத்த மாட்டோம்.” சொன்னபடி நடக்கவும் வேண்டும். சில நாள் துணைக்குச் செல்வது, வழியை மாற்றுவது, தோழிகளோடு சேர்ந்து போகச் செய்வது, காவல் நிலையத்துக்கு உடன் செல்வது எல்லாம் செய்யலாம். ஏன் அந்த நேரத்தில் போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்ற கேள்விகள் எதையும் தீர்ப்பதில்லை. ஆண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொரு கடமையும் உண்டு: பிள்ளை சாலையில் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை அறிந்திருப்பது.

பள்ளியும் ஊரும்

ஒரே திசையில் செல்லும் மாணவியரைப் பள்ளி குழுவாக இணைக்கலாம். சிறப்பு வகுப்பை இருட்டுவதற்கு முன் முடிக்கலாம். எந்த வளைவில், எந்தப் பாலத்தடியில் அச்சம் இருக்கிறது என்று மாணவியரைக் கொண்டே ஒரு வரைபடம் தயாரித்தால், அது காவல்துறை ரோந்துக்கும் ஊராட்சிக்கும் பயன்படும்.

தெருவிளக்கு எரியாமை, பாதையை மூடும் சீமைக்கருவேலம், குண்டும் குழியுமான சாலை ஆகியவை பெண்களின் பாதுகாப்புச் சிக்கல்களே. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. விளக்கு வேண்டிய இடத்தைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றக் கோரலாம். பொத்தாம்பொதுவாகப் ‘பாதுகாப்பு வேண்டும்’ என்பதைவிட, ‘இந்த மதகிலிருந்து அந்தக் கோவில் வரை நான்கு விளக்குகள்’ என்று கேட்பது நிறைவேற வாய்ப்புள்ள கோரிக்கை.

வழியில் இருப்பவர்களும் வெறும் பார்வையாளர்கள் அல்லர். ஒரு பெண்ணிடம் யாரோ வம்பு செய்வதைக் கண்டால் சண்டைக்குப் போக வேண்டும் என்பதில்லை. அருகில் சென்று, “என்னம்மா, அப்பா வந்துட்டாரா?” என்று தெரிந்தவர்போல் பேச்சுக் கொடுத்தாலே பலர் விலகிவிடுவர். விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. அவர் தம் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை.

மிதிவண்டி ஓட்டும் பெண்களின் எண்ணிக்கை கூடக் கூட வழி பாதுகாப்பாகிறது. வழி பாதுகாப்பாக ஆக, ஓட்டுபவர்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. அச்சத்தால் ஒரு மாணவி வீட்டில் நிறுத்தப்படும்போது, மறுநாள் அதே வழியில் செல்லும் மற்றவர்களுக்குத் துணை ஒன்று குறைகிறது.